புத்தகம் போடலாம், பணம் யார் போடுவது?

மலேசியாவில் வெளிவரும் தமிழ்ப் புத்தகங்களில் பலவற்றுக்கு எழுதியவரே பணம் போட்டிருக்கிறார். இதில் ரகசியம் ஒன்றுமில்லை. ஆனால் பின்னட்டையில் ஒரு பதிப்பகத்தின் பெயர் இருக்கும். வெளியீட்டு மேடையில் "பதிப்பகத்தாருக்கு நன்றி" என்பார்கள். கீழே உட்கார்ந்திருக்கும் புதிய எழுத்தாளர், பதிப்பகம் அந்தக் கதைகளைப் படித்து, பிடித்துப்போய், தன் செலவில் புத்தகமாக்கியது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். பிறகு அவர் தன் கையெழுத்துப் பிரதியோடு அதே இடத்துக்குப் போனால், பதிலாக ஒரு விலைப்பட்டியல் வரும். குழப்பம் அங்கே தொடங்குகிறது.

"ஹைபிரிட்" (கலப்பு முறை) என்ற சொல் புழக்கத்துக்கு வந்த பிறகு குழப்பம் இன்னும் கூடிவிட்டது. அச்சகமும் தன்னைப் பதிப்பகம் என்கிறது. காசு வாங்கிக்கொண்டு புத்தகம் போட்டுத் தருபவரும் தன்னை ஹைபிரிட் பதிப்பாளர் என்கிறார். எது கௌரவம், எது கௌரவக் குறைவு என்கிற பேச்சு வேறு. கௌரவத்தை ஓரமாக வைத்துவிட்டுப் பணம் போகும் பாதையை மட்டும் பார்த்தால் விஷயம் சுலபமாகப் புரியும்.

விற்காத டின் யார் வீட்டில்?

கிள்ளானில் நன்றாக முறுக்கு சுடும் ஓர் அக்கா இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது மளிகைக்கடைக்காரர் ஒருவர் வருகிறார். "மாவு, எண்ணெய், டின் எல்லாம் என் செலவு. என் கடைப் பெயரை ஒட்டி விற்கிறேன். விற்கிற ஒவ்வொரு டின்னுக்கும் உங்களுக்கு இவ்வளவு" என்கிறார். தீபாவளி முடிந்து நூறு டின் மிஞ்சினால் அது அவர் தலைவலி. இதுதான் மரபான பதிப்பு.

அக்கா வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தானே மாவு வாங்கிச் சுட்டு, வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து விற்கிறார். லாபம் முழுக்க அவருக்கு. மிஞ்சிய நூறு டின்னும் அவர் வீட்டுக் கூடத்தில். இது சுயபதிப்பு.

மூன்றாவதாக ஒருவர் வருகிறார். "செலவில் ஒரு பங்கு நீங்கள், ஒரு பங்கு நான். ஈப்போ வரைக்கும் என் வண்டி போகிறது, கடைகளில் நான் போடுகிறேன். வருவதில் பாதிக்கு மேல் உங்களுக்கு." மிஞ்சினால் இருவருக்கும் வலிக்கும். இது ஹைபிரிட்.

நான்காவதாக இன்னொருவரும் உண்டு. மூன்றாமவர் பேசிய அதே பேச்சைப் பேசுவார். செலவு முழுவதையும் அதற்கு மேல் தன் லாபத்தையும் அக்காவிடமே வாங்கிக்கொண்டு, அழகாக ஸ்டிக்கர் ஒட்டி, எல்லா டின்னையும் அக்கா வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போவார். விற்றாலும் விற்காவிட்டாலும் அவருக்குக் கவலையில்லை. அவருடைய லாபம் ஏற்கெனவே வந்துவிட்டது.

ஆக, நான்கு பேரையும் பிரித்துக் காட்டுவது அட்டையில் இருக்கும் பெயரல்ல. விற்காமல் போனால் யார் நட்டப்படுகிறார் என்பதுதான். இதைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் கணக்கு.

ஒரு புத்தகத்தின் 25 ரிங்கிட்

கணக்குக்காக ஒரு சிறுகதைத் தொகுப்பை எடுத்துக்கொள்வோம். 160 பக்கம், 500 பிரதி, விலை 25 ரிங்கிட். (பக்கங்கள் பெரிய தாளில் சேர்த்து அச்சாகிப் பிறகு மடிக்கப்படுகின்றன. அதனால்தான் அச்சகத்தார் பக்க எண்ணிக்கையைப் பெரும்பாலும் பதினாறின் மடங்காகக் கேட்பார்கள்.) அச்சுக்குப் பிரதிக்கு 9 ரிங்கிட் என்றால் 4,500. கையெழுத்துப் பிரதியைச் செம்மைப்படுத்தவும் மெய்ப்பு பார்க்கவும், அதாவது எழுத்துப்பிழை திருத்தவும், 1,500. பக்க வடிவமைப்புக்கும் அட்டைக்கும் 1,200. மொத்தம் 7,200 ரிங்கிட். இவை நான் உதாரணத்துக்காகப் போட்ட எண்கள். உங்கள் அச்சகம் வேறு விலை சொல்லும். ஆனால் கணக்கின் போக்கு மாறாது.

புத்தகக்கடை சும்மா விற்றுத் தராது. விலையில் 30 முதல் 40 விழுக்காடு வரை கழிவாக எடுத்துக்கொள்ளும். 40 என்று வைத்தால் 25 ரிங்கிட்டில் 10 ரிங்கிட் கடைக்குப் போய்விடும். மிச்சமாகிற 15 ரிங்கிட்டை நிகர வருமானம் என்று சொல்வோம். ஒப்பந்தம் பேசும்போது இந்தச் சொல் திரும்பத் திரும்ப வரும்.

மரபான பதிப்பு

பதிப்பகம் உங்கள் பிரதியைத் தேர்ந்தெடுக்கிறது, தன் பணத்தில் செம்மைப்படுத்தி அச்சிட்டு விற்கிறது, விற்ற பிரதிக்கு உங்களுக்கு ஒரு பங்கு தருகிறது. அந்தப் பங்குதான் ராயல்டி. அச்சுப் புத்தகத்துக்கு விலையில் 10 விழுக்காடு என்பது பரவலான வழக்கம். நம் கணக்கில் பிரதிக்கு இரண்டரை ரிங்கிட். 300 பிரதி விற்றால் 750. பெரிய தொகை இல்லைதான். ஆனால் உங்கள் கையிலிருந்து ஒரு காசும் போகவில்லை.

இப்போது பதிப்பாளர் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். கடைக்கு 10, எழுத்தாளருக்கு 2.50 போக அவர் கையில் நிற்பது 12.50. அவருக்கு ஒரு பிரதி அடங்கிய விலையோ 7,200-ஐ 500-ஆல் வகுத்தால் 14.40. 500 பிரதியும் கடை வழியாக விற்றுத் தீர்ந்தாலும் பிரதிக்கு 1.90 நட்டம்! அதிகமாக அச்சிட்டு அடக்க விலையைக் குறைக்க வேண்டும், அல்லது கடையை நம்பாமல் தானே கண்காட்சிகளில் விற்க வேண்டும். இரண்டுக்கும் வாசகர் வேண்டும். தேர்வுப் பயிற்சி நூல்களைப் போடத் தயங்காத ஒருவர் கவிதைத் தொகுப்பு என்றதும் தயங்குவதற்கு இந்தக் கணக்குத்தான் காரணம். உங்கள் கையெழுத்துப் பிரதி திரும்பி வந்தால் எழுத்து மோசம் என்று அர்த்தமில்லை. எண் ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

சென்னையில் புத்தகம் போடும் மலேசிய எழுத்தாளர்களும் இருக்கிறார்கள். ஜனவரி புத்தகக் காட்சி, பெரிய வாசகர் வட்டம் என்று அங்கே வாய்ப்பு அதிகம். ஆனால் அந்தப் புத்தகம் பிரிக்பீல்ட்ஸ் கடைக்கு எப்படி வரும் என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். "நீங்களே 200 பிரதி வாங்கிக்கொள்ளுங்கள்" என்று பதில் வந்தால், கணக்கில் உங்கள் பணமும் சேர்ந்துவிட்டது.

உரிமை பற்றியும் ஒரு வார்த்தை. மலேசியாவின் 1987 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதி முடித்த கணமே பதிப்புரிமை உங்களுடையது. அது உங்கள் ஆயுள் முழுக்கவும், அதற்குப் பின் 50 ஆண்டுகளும் நிற்கும். அதைப் பெற எங்கும் பதிய வேண்டியதில்லை. விரும்பினால் அறிவுசார் சொத்துக் கழகமான மைஐபிஓவில் அறிவித்து வைக்கலாம், பின்னால் தகராறு வந்தால் உதவும். பதிப்பாளருக்கு நீங்கள் தருவது உரிமம். அதாவது இந்த மொழியில், இந்த வடிவத்தில், இத்தனை ஆண்டுக்கு விற்றுக்கொள்ளலாம் என்ற அனுமதி. பதிப்புரிமையையே எழுதிக்கொடுப்பது வேறு சங்கதி. ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இருந்தால் அங்கேயே பேனாவைக் கீழே வைத்துவிடலாம்.

இதுவரை பார்த்ததில் மனத்தில் நிற்க வேண்டியது: மரபான பதிப்பில் பணமும் நட்டமும் பதிப்பாளருடையவை. முடிவுகளில் பலவும் அவர் கையில். எழுத்தாளருக்கு வருவது குறைவு, ஆனால் போவது ஒன்றுமில்லை.

சுயபதிப்பு

சொந்தமாகப் புத்தகம் போடுவது ஏதோ தோற்றவர் வழி என்று சிலர் பேசுகிறார்கள். உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தது எப்படி? வாங்குகிறோம் என்று முன்கூட்டியே கையொப்பமிட்டவர்களையும் உதவி செய்தவர்களையும் நம்பித்தான். இன்றைக்கு முன்பதிவுத் திட்டம் என்று நாம் சொல்வதை அவர் அப்போதே செய்திருக்கிறார்.

சுயபதிப்பில் நீங்களே பதிப்பாளர். அதாவது அச்சகத்தை மட்டும் பிடித்தால் போதாது. செம்மையாக்குநர், மெய்ப்பு பார்ப்பவர், வடிவமைப்பாளர் எல்லாரையும் நீங்களே தேடிப் பணம் கொடுத்து வேலை வாங்க வேண்டும். பணம் மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் முதலில் வெட்டுவது மெய்ப்பைத்தான். வெட்டக் கூடாததும் அதுதான். சுமாரான அட்டையை வாசகர் மறந்துவிடுவார். பக்கத்துக்கு நான்கு ஒற்றுப்பிழையை மறக்க மாட்டார்.

அடுத்து ஐஎஸ்பிஎன். புத்தகத்தின் பின்னட்டையில் பட்டைக்கோட்டோடு இருக்கும் 13 இலக்க அடையாள எண் அது. மலேசியாவில் இதை வழங்குவது கோலாலம்பூர் ஜாலான் துன் ரசாக்கில் இருக்கும் தேசிய நூலகம், கட்டணம் கிடையாது. தனியாகப் புத்தகம் போடும் எழுத்தாளரும் விண்ணப்பிக்கலாம். இந்த எண்ணைப் பற்றி இரண்டு தவறான நம்பிக்கைகள் உலவுகின்றன. ஒன்று, ஐஎஸ்பிஎன் இருந்தால்தான் பதிப்புரிமை என்பது. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. மற்றொன்று, அதை வாங்கித் தருவது பெரிய சேவை என்பது. விலைப்பட்டியலில் "ஐஎஸ்பிஎன் கட்டணம்" என்று நூற்றுக்கணக்கில் ஒரு தொகை இருந்தால், இலவசமான ஒன்றுக்கு எதற்கு இவ்வளவு என்று கேளுங்கள். படிவம் நிரப்பும் கூலி என்றால் நியாயமான கூலியாக இருக்கட்டும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அந்த எண் யார் பெயரில் வாங்கப்படுகிறதோ அவரைத்தான் பதிப்பாளர் என்று நூலகங்களும் கடைகளும் எடுத்துக்கொள்ளும்.

புத்தகம் வந்த பிறகு 1986 ஆம் ஆண்டு நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டப்படி ஒரு மாதத்துக்குள் தேசிய நூலகத்துக்கு 5 பிரதி கொடுக்க வேண்டும். அது பதிப்பாளரின் கடமை, அதாவது இங்கே உங்கள் கடமை. அச்சகத்தின் பெயர், முகவரியோடு பதிப்பாளர் பெயர், முகவரியும் புத்தகத்தில் இருக்க வேண்டும் என்பது 1984 ஆம் ஆண்டு அச்சகச் சட்டம்.

இந்தச் சட்டத்தால் வாசகருக்கு ஒரு வசதி. எந்தப் புத்தகத்தையும் எடுத்து, தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைப் பாருங்கள். பதிப்புரிமை யாருக்கு, வெளியீடு யார், அச்சு எங்கே என்று வரிசையாக இருக்கும். வெளியீட்டாளர் முகவரி ஏதோ ஒரு தாமானில் ஒரு வீட்டு எண்ணாக இருந்தால், அது பெரும்பாலும் எழுதியவர் வீடுதான். பெரிய பதிப்பகத்தின் பெயர் மாதிரித் தெரிந்தது சில நேரம் பேத்தியின் பெயராக இருக்கும்!

எத்தனை பிரதி அச்சிடுவது என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஆஃப்செட் அச்சில் தகடு செய்வது, இயந்திரத்தைத் தயார் செய்வது எல்லாம் முதல் பிரதிக்கே ஆகிவிடும் செலவு. அதனால் எண்ணிக்கை கூடக் கூடப் பிரதியின் விலை இறங்கும். டிஜிட்டல் அச்சில் தகடு இல்லை. 50 பிரதி போட்டாலும் 200 போட்டாலும் ஒரு பிரதியின் விலை அதிகம் மாறாது. "ஆயிரம் போட்டால் பிரதிக்கு ஆறு வெள்ளிதான்" என்று அச்சகத்தார் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் மிச்சம் எழுநூறு பிரதி கட்டிலுக்கு அடியில் கிடந்தால், மலிவு யாருக்கு?

நம் கணக்கில் 7,200 ரிங்கிட்டைத் திரும்ப எடுக்க, நேரடியாக விற்றால் 288 பிரதி விற்க வேண்டும். எல்லாவற்றையும் கடை மூலம் விற்றால் 480. அச்சிட்டதே 500. கடையை மட்டும் நம்பிச் சுயபதிப்பில் இறங்கக் கூடாது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

அதனால்தான் இங்கே வெளியீட்டு விழாவுக்கு அத்தனை முக்கியத்துவம். விஸ்மா துன் சம்பந்தனில் இருக்கும் டான்ஸ்ரீ சோமா அரங்கத்தில் இப்படிப் பல விழாக்கள் நடந்திருக்கின்றன. முதல் நூல் பெறும் பிரமுகர் ஒரு நல்ல தொகை கொடுப்பார். மற்றவர்கள் வரிசையில் வந்து, 25 ரிங்கிட் புத்தகத்துக்கு உறையில் 50, 100 என்று வைத்துக் கொடுப்பார்கள். உறையைப் பிரித்து மீதி கேட்பவர் யாருமில்லை. அச்சுக்கடன் பல நேரம் அந்த ஒரே மாலையில் அடைந்துவிடும். கடை, விநியோகம் என்று பெரிய வசதி இல்லாத சமூகம் தன் எழுத்தாளர்களைத் தாங்கிப் பிடிக்கக் கண்டுபிடித்த வழி இது. குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் உறை கொடுத்தவர் எல்லாரும் வாசகர் அல்லர். விழா முடிந்ததும் விற்பனையும் முடிந்துவிடுகிறது. அடுத்த ஆண்டு அந்தப் புத்தகத்தைத் தேடும் மாணவருக்கு எங்கும் கிடைக்காது. சொந்தமாகப் போடுபவர் விழாவுக்கு ஒதுக்கும் உழைப்பில் கொஞ்சத்தை விழாவுக்குப் பிந்தைய ஆறு மாதத்துக்கு ஒதுக்கினால் நல்லது. லெபோ அம்பாங், பினாங்கு லிட்டில் இந்தியா பக்கம் பழகிய கடைகளில் பத்துப் பத்துப் பிரதி வைப்பது, தமிழ்ப்பள்ளி நூலகங்களுக்குக் கடிதம் எழுதுவது, இணையத்தில் ஆர்டர் எடுத்து அஞ்சலில் அனுப்புவது என்று எத்தனையோ இருக்கின்றன.

மின்நூல் மட்டும் போதும் என்பவருக்கு வழி இன்னும் சுருக்கம். எழுத்தாளரே நேரடியாக வெளியிட உதவும் அமேசானின் கேடிபி தளம் தமிழ் மின்நூல்களை ஏற்கிறது. அச்சுச் செலவு கிடையாது. விலையையும் நாட்டையும் பொறுத்து 35 அல்லது 70 விழுக்காடு ராயல்டி. ஆனால் மலேசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே வருமான வரி ஒப்பந்தம் இல்லாததால், அமெரிக்க விற்பனையின் ராயல்டியில் 30 விழுக்காடு வரியாகப் பிடித்த பிறகுதான் பணம் கைக்கு வரும்.

சுயபதிப்பைப் பொறுத்தவரை: பணம், உரிமை, முடிவு, லாபம், மிஞ்சும் பெட்டிகள், எல்லாம் உங்களுடையவை.

ஹைபிரிட் பதிப்பு

இந்த முறையில் எழுத்தாளர் செலவில் ஒரு பங்கைப் போடுகிறார். அதற்கு ஈடாக மரபான பதிப்பைவிட அதிக ராயல்டி பெறுகிறார். பதிப்பகம் தன் பங்குக்குப் பணம், உழைப்பு, விநியோகம் ஆகியவற்றைப் போடுகிறது. இந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளத் தொடங்கியதால், அமெரிக்காவின் சுயேச்சைப் பதிப்பாளர் சங்கமான ஐபிபிஏ 2018-இல் சில அளவுகோல்களை வெளியிட்டது. வருகிற கையெழுத்துப் பிரதிகளை எல்லாம் ஏற்காமல் தேர்ந்தெடுக்க வேண்டும், தன் பெயரிலும் தன் ஐஎஸ்பிஎன்னிலும் வெளியிட வேண்டும், உண்மையான விநியோகம் இருக்க வேண்டும், வழக்கத்தைவிடக் கூடுதல் ராயல்டி தர வேண்டும் என்பவை அவற்றில் முக்கியமானவை. கூடுதல் என்றால் பொதுவாக நிகர வருமானத்தில் பாதிக்கு மேல்.

நம் ஊரில் இதைச் சட்டமாக யாரும் அமல்படுத்தவில்லை. ஆனாலும் அளவுகோல் நல்ல அளவுகோல். அதில் முதல் கேள்வி ஒன்றே பாதிப் பேரை வடிகட்டிவிடும்: "இந்த ஆண்டு எத்தனை கையெழுத்துப் பிரதிகளை வேண்டாம் என்று திருப்பி அனுப்பினீர்கள்?" யாரையும் திருப்பி அனுப்பாதவருக்கு எழுத்தாளர்தான் வாடிக்கையாளர், வாசகர் அல்லர்.

இனி எண். 7,200-இல் நீங்கள் 5,000 போடுகிறீர்கள், பதிப்பகம் 2,200 போடுகிறது. நிகர வருமானத்தில் உங்களுக்கு 60 விழுக்காடு. கேட்கத் தாராளமாக இருக்கிறது, இல்லையா? கடை வழியாக ஒரு பிரதி விற்றால் நிகரம் 15, அதில் உங்கள் பங்கு 9 ரிங்கிட். 500 பிரதியும் விற்றுத் தீர்ந்தால் 4,500. நீங்கள் போட்டது 5,000. ஒரு பிரதிகூட மிஞ்சாமல் விற்ற புத்தகத்தில் உங்களுக்கு 500 ரிங்கிட் நட்டம்! அதே புத்தகத்தில் பதிப்பகத்துக்கு வந்தது 3,000, அது போட்டது 2,200 போக 800 லாபம்.

இந்த ஒப்பந்தத்தில் மோசடி எதுவும் இல்லை. எல்லா வரியும் நேர்மையாகவே இருக்கலாம். விழுக்காட்டைப் பார்த்தவர் வகுத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஆகையால் கையெழுத்துப் போடும் முன் நீங்கள் போடும் பணத்தை, ஒரு பிரதிக்கு உங்களுக்கு வரும் பங்கால் வகுத்துவிடுங்கள். வரும் விடை அச்சிடப்போகும் எண்ணிக்கையைவிடப் பெரிதாக இருந்தால், அந்தப் புத்தகம் எவ்வளவு நன்றாக விற்றாலும் உங்கள் பணம் முழுதாகத் திரும்பாது. பேசி மாற்றலாம்: உங்கள் பங்கை 3,000 ஆக்கலாம், விழாவில் நேரடியாக விற்கும் பிரதிகளுக்குத் தனிக் கணக்கு கேட்கலாம். மாற்ற மறுத்தால், அதே 5,000-த்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொந்தமாகவே போட்டுவிடலாம்.

ஹைபிரிட்டில் பார்க்க வேண்டியவை இரண்டே: பதிப்பகமும் தன் பணத்தைப் போடுகிறதா, உங்கள் பணம் எத்தனையாவது பிரதியில் திரும்புகிறது.

எது யாருக்கு?

என் கருத்தைக் கேட்டால், முதல் புத்தகம் போடுபவர் மரபான பதிப்புக்கு ஓராண்டாவது முயன்று பார்க்க வேண்டும். பணத்துக்காகச் சொல்லவில்லை. சொந்தப் பணத்தைப் போட்டு வெளியிடப்போகும் ஒருவர் உங்கள் பிரதியைப் படிக்கும்போது கிடைக்கும் கருத்து வேறு எங்கும் கிடைக்காது. உமா பதிப்பகம், வல்லினம் போன்றவை என்ன மாதிரிப் புத்தகங்கள் போட்டிருக்கின்றன என்று பார்த்துவிட்டு, உங்கள் எழுத்தோடு ஒத்துப்போகும் இடத்துக்கு அனுப்புங்கள். வாசகர் யாரென்று ஏற்கெனவே தெரிந்தவருக்குச் சுயபதிப்பு பொருந்தும்: குடும்ப வரலாறு எழுதுபவர், கோயில் வரலாறு எழுதுபவர், வகுப்பு நடத்தும் ஆசிரியர், இணையத்தில் தனக்கென வாசகர் வைத்திருப்பவர். ஹைபிரிட் பொருந்துபவர்கள் குறைவு. கையில் பணம் இருக்கிறது, நேரம் இல்லை, எதிரில் இருப்பவரின் விநியோகம் உண்மையானது என்று கடையில் போய்ப் பார்த்து உறுதி செய்தாகிவிட்டது என்றால் சரி.

கையெழுத்துக்கு முன்

எந்த வழியானாலும் ஒப்பந்தத்தில் காலவரை இருக்கட்டும். புத்தகம் தீர்ந்து, குறிப்பிட்ட காலத்துக்குள் மறுபதிப்பு வராவிட்டால் உரிமம் தானாக உங்களிடம் திரும்ப வேண்டும் என்ற வரியைக் கேட்டு வாங்குங்கள். விற்பனைக் கணக்கு ஆண்டுக்கு ஒரு முறையாவது எழுத்தில் வரவேண்டும். மின்நூல், மொழிபெயர்ப்பு, ஒலிநூல் உரிமைகளை அச்சு உரிமத்தோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிடாதீர்கள். அவற்றைப் பயன்படுத்தும் எண்ணமே இல்லாத பதிப்பகத்துக்கு அவை தேவையில்லை.

நீங்கள் பணம் போட்ட புத்தகமானால், பிடிஎஃப் மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். வடிவமைப்பின் மூலக்கோப்பு, அட்டையின் மூலக்கோப்பு இரண்டையும் கேளுங்கள். முடிந்தால் எழுத்துரு யூனிகோடாக இருக்க வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய பிரதி தாளில் அழகாகத்தான் இருக்கும். ஐந்தாண்டு கழித்து அதை மின்நூலாக்க முயன்றால் திரையில் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் கொட்டும். மாற்றிக்கொடுக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன, ஆனால் மாற்றிய பிறகு முழுப் பிரதியையும் இன்னொரு முறை மெய்ப்பு பார்க்க வேண்டிவரும். அந்தச் செலவும் உங்கள் கணக்கில்தான்.